ஃபி ஃபி தீவுகளுக்கு ஸ்பீட்போட்டில் ஒரு நாள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தாய்லாந்தின் புக்கெட்டுக்குப் போகும் தமிழ்க் குடும்பங்களில் பெரும்பாலானோர் ஒரு நாளை ஃபி ஃபி தீவுகளுக்கு ஒதுக்குகிறார்கள். கிளம்புவதற்கு முன் அவர்கள் கேட்பவை ஏறக்குறைய ஒரே சந்தேகங்கள்தான். கேட்டவர்களின் வார்த்தையிலேயே கேள்விகளைத் தந்திருக்கிறோம். ஒரு முறை சொன்னதை மறுபடி சொல்லவில்லை. கேள்வி எண்ணைக் குறிப்பிட்டிருந்தால் அந்தக் கேள்விக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளுங்கள்.

1. ஃபி ஃபி ஒரே தீவா, பல தீவா? டூர்ல எதெல்லாம் காட்டுவாங்க?

பல தீவுகள். தாய்லாந்து உச்சரிப்பு 'பீ பீ' என்றுதான் வரும். தமிழர்கள் ஏன் 'ஃபி ஃபி' என்று சொல்லிக்கொள்கிறார்கள் என்பதை விளக்கத் தேவையில்லை. ஊரும் ஹோட்டல்களும் உள்ள பெரிய தீவு ஃபி ஃபி டான். அதற்குத் தெற்கே மக்கள் வசிக்காத, செங்குத்தான சுண்ணாம்புப் பாறைத் தீவு ஃபி ஃபி லே. படங்களில் பார்க்கும் மாயா பே இந்த இரண்டாவது தீவில் இருக்கிறது. நிர்வாகத்தில் இவை கிராபி மாகாணத்தைச் சேர்ந்தவை. 1983இல் அறிவிக்கப்பட்ட கடல்சார் தேசியப் பூங்காவின் பகுதி என்பதால், பூங்கா விதிகளும் கட்டணமும் உண்டு.

வழக்கமான ஒருநாள் டூரில் மாயா பே, பிலே லகூன், வைக்கிங் குகை, மங்கி பீச், ஸ்நார்க்கலிங்குக்கு (மாஸ்க்கும் மூச்சுக்குழாயும் மாட்டி, மிதந்தபடியே மீன் பார்ப்பதற்கு) ஓரிரு இடங்கள், ஃபி ஃபி டானின் டான்சாய் விரிகுடாவில் மதியச் சாப்பாடு, கடைசியாகப் பாம்பூ தீவோ காய் தீவோ இருக்கும். வைக்கிங் குகையைப் படகிலிருந்து பார்க்கலாம், அவ்வளவுதான். உள்ளே உழவாரன் குருவிகளின் கூடுகளைச் சூப்புக்காக எடுக்கிறார்கள், அதனால் யாரையும் இறக்குவதில்லை. '8 இடங்கள்' என்ற விளம்பரத்தில் இப்படி இரண்டு நிமிடம் நின்று போட்டோ எடுக்கும் இடங்களும் சேர்த்தி. இறங்கும் இடங்கள் எத்தனை என்று தனியாகக் கேளுங்கள்.

2. ஸ்பீட்போட், ஃபெர்ரி, லாங்டெயில் மூணும் சொல்றாங்க. எது நல்லது?

புக்கெட்டிலிருந்து ஃபி ஃபி சுமார் 45 கிலோமீட்டர். கடல் அமைதியாக இருந்தால் ஸ்பீட்போட் ஒரு மணி நேரத்துக்குள் சேர்த்துவிடும். பெரிய ஃபெர்ரிக்கு ஏறக்குறைய இரண்டு மணி நேரம். லாங்டெயில் என்பது நீளத் தண்டின் முனையில் விசிறி சுழலும் மரப்படகு. அதை ஃபி ஃபி டானுக்குப் போன பிறகு பக்கத்து இடங்களைச் சுற்ற எடுக்கலாமே தவிர, புக்கெட்டிலிருந்து அதில் வருவது சரிப்படாது.

ஒரே நாளில் பல இடங்கள் பார்க்க வேண்டும், உடம்பு குலுங்கினாலும் பரவாயில்லை என்றால் ஸ்பீட்போட். வயதானவர்கள், முதுகுவலிக்காரர்கள், கடலில் வாந்தி எடுப்பவர்கள் இருந்தால் ஃபெர்ரி. இரண்டு நாள் கையில் இருந்தால் எங்கள் யோசனை வேறு: ஃபெர்ரியில் போய் ஃபி ஃபி டானில் ஓர் இரவு தங்கி, மறுநாள் விடியற்காலையில் லாங்டெயில் எடுங்கள். புக்கெட் படகுகள் வந்து சேர்வதற்கு முன் பாதி இடங்களைப் பார்த்துவிடலாம்.

3. ஒருத்தர் 1,500 பாத் சொல்றார், இன்னொருத்தர் 3,500 சொல்றார். இடங்கள் எல்லாம் ஒண்ணுதானே?

இடங்கள் ஒன்றுதான். மாறுவது படகில் ஏற்றும் ஆட்களின் எண்ணிக்கை, கிளம்பும் நேரம், சாப்பாடு, பூங்காக் கட்டணம் ஆகியவை. வெளிநாட்டவருக்குப் பூங்காக் கட்டணம் பெரியவர்களுக்கு 400 பாத், குழந்தைகளுக்கு 200 பாத். விலை குறைவாகச் சொல்பவர்கள் பெரும்பாலும் இதைச் சேர்க்காமல் சொல்லி, படகுத்துறையில் ரொக்கமாக வாங்குவார்கள். நான்கு பேர் குடும்பத்துக்கு இதுவே 1,200 முதல் 1,600 பாத் வரை கூடிவிடும்.

முன்பணம் கட்டும் முன் இவற்றை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்: பூங்காக் கட்டணம் சேர்த்தியா, ஹோட்டல் பிக்கப் சேர்த்தியா, படகில் அதிகபட்சம் எத்தனை பேர், எத்தனை மணிக்குப் படகு கிளம்பும், ஃபின்ஸுக்கு (காலில் மாட்டும் நீச்சல் துடுப்புக்கு) தனி வாடகையா. தாய்லாந்தில் சுற்றுலா நடத்த அரசு உரிமம் வேண்டும். உரிம எண் ரசீதிலோ விளம்பரத்தாளிலோ இருக்க வேண்டும். இல்லையென்றால் அடுத்த கடைக்குப் போங்கள். இன்னொன்று: தெருமுனைக் கவுண்டரில் டிக்கெட் விற்பவர் படகு நடத்துபவர் அல்ல, தரகர். நாளை எந்த நிறுவனத்தின் படகில் ஏறப்போகிறீர்கள் என்ற பெயரையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

4. எந்த மாசம் போகலாம்? எங்களுக்கு ஸ்கூல் லீவு மே மாசம்தான்.

நவம்பர் முதல் ஏப்ரல் வரை அந்தமான் கடல் அமைதி. மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குப் பருவக்காற்று. கேரளக் கடலைக் கலக்கும் அதே காற்று புக்கெட்டின் மேற்குக் கரையிலும் மோதும். மே மாதத்தில் எல்லா நாளும் கெட்ட நாள் இல்லை. ஆனால் எந்த நாள் நல்ல நாள் என்பது முந்தைய நாள் மாலை வரை தெரியாது.

அதனால் மே மாதம் போகிறவர்கள் தீவு டூரைப் பயணத்தின் முதல் இரண்டு நாளுக்குள் வைக்க வேண்டும். ரத்தானால் தள்ளிப்போட நாள் மிச்சம் இருக்கும். கடைசி நாளில் வைத்தால் போயிற்று. ஆகஸ்ட், செப்டம்பர் பற்றி 12ஆம் கேள்வியில் இருக்கிறது.

5. காலைல எத்தனை மணிக்குக் கிளம்பணும்? நாள் எப்படிப் போகும்?

ஹோட்டல் எங்கே என்பதைப் பொறுத்து வேன் 6 மணிக்கும் வரலாம், 8 மணிக்கும் வரலாம். படோங், கட்டா, கரோன் பகுதிகளிலிருந்து கிழக்குக் கரையிலுள்ள படகுத்துறைக்குப் போகவே முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும், வழியில் மற்ற ஹோட்டல்களிலும் ஆள் ஏற்றுவார்கள். துறையில் பெயரைச் சரிபார்த்து, கையில் நிற வளையமோ சட்டையில் ஸ்டிக்கரோ ஒட்டுவார்கள். அந்த நிறம்தான் உங்கள் படகு, உங்கள் கைடு. தீவில் ஒரே மாதிரி இருபது வெள்ளைப் படகுகள் நிற்கும்போது இதன் அருமை தெரியும். படகின் பெயரையும் எண்ணையும் ஒரு போட்டோ எடுத்து வையுங்கள்.

செருப்பைத் துறையிலேயே கூடையில் போட்டுவிடச் சொல்வார்கள். சில படகுகளில் கூடை கூடவே வரும், சிலவற்றில் மாலைவரை துறையிலேயே இருக்கும். பாதம் மென்மையானவர்கள், மதிய மணலில் வெறுங்காலோடு நடக்க முடியாதவர்கள், தண்ணீரில் போடும் ரப்பர் ஷூவைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். மாலை 4 மணி வாக்கில் துறைக்குத் திரும்பி, 5, 6 மணிக்குள் ஹோட்டல் வந்துவிடலாம்.

6. படகில் எங்க உட்காரணும்? முன்னாடி உட்கார்ந்தா காத்து நல்லா வருமே?

காற்றும் வரும், முதுகும் போகும். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

ஸ்பீட்போட் வேகமெடுத்ததும் அதன் முன்பகுதி நீருக்கு மேல் தூக்கிக்கொள்ளும், பின்பகுதி நீரில் அழுந்தியிருக்கும். ஒவ்வோர் அலையிலும் முன்முனை எழும்பித் தொப்பென்று விழும். பின்னால் அசைவு சில அங்குலம் என்றால் முன்னால் சில அடி. முன்னால் உட்கார்ந்திருப்பவர் இருக்கையை விட்டு எழும்புவார். அவர் கீழே வரும் அதே நொடியில் அடுத்த அலை இருக்கையை மேலே தூக்கும். அந்த மோதல் நேராகத் தண்டுவடத்தில் இறங்கும். முதுகெலும்பு நசுங்கி முறியும் விபத்துகள் உலகெங்கும் வேகப் படகுகளின் முன்னிருக்கைகளில் நடந்திருக்கின்றன. மாதவிடாய் நின்ற பெண்களுக்கும் எலும்புத் தேய்மானம் உள்ளவர்களுக்கும் ஆபத்து இன்னும் கூடுதல்.

நல்ல இடம்: பின்பக்கம் மூன்றில் ஒரு பங்கு, கூரைக்குக் கீழே. அதற்காக எஞ்சினை ஒட்டிய கடைசி வரிசைக்குப் போக வேண்டாம். புகையும் இரைச்சலும் தலைவலியைத் தரும், சாரலும் அங்கே சுழன்று வரும். இருக்கை எண் கொடுப்பதில்லை, முதலில் ஏறுபவருக்கே இடம். ஆகவே கைடு கூப்பிடும்போது வரிசையின் முன்னால் நில்லுங்கள். வேறு வழியில்லாமல் முன்னால் உட்கார நேர்ந்தால், இரு பாதங்களையும் தரையில் ஊன்றி, முழங்காலை மடித்து, ஒரு கையால் கம்பியைப் பிடித்து, பெரிய அலை வரும்போது இருக்கையிலிருந்து கொஞ்சம் எழும்பி எடையைக் காலில் வாங்குங்கள். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு முன்னால் உட்காரவே கூடாது.

7. எனக்கு பஸ்ல போனாலே வாந்தி வரும். தாக்குப் பிடிப்பேனா?

பெரும்பாலும் பிடிப்பீர்கள், மாத்திரையைச் சரியான நேரத்தில் போட்டால். பயண வாந்தி மாத்திரைகள் வந்தபின் நிறுத்துவதற்கானவை அல்ல, வருமுன் தடுப்பதற்கானவை. படகு கிளம்புவதற்கு ஒரு மணி நேரமாவது முன்பு, அதாவது வேனில் ஏறும்போதே, போட வேண்டும். புரோமெத்தசின், மெக்லிசின், டைமென்ஹைட்ரினேட் போன்றவை தூக்கம் வரவைக்கும். குழந்தைகள், கர்ப்பிணிகள், கண் அழுத்தமோ புராஸ்டேட் தொல்லையோ உள்ளவர்கள் ஊரிலேயே மருத்துவரிடம் கேட்டு வாங்கி வாருங்கள். துறையில் இலவசமாகக் கிண்ணத்தில் வைத்திருக்கும் மாத்திரையைப் பெயர் தெரியாமல் விழுங்க வேண்டாம்.

வெறும் வயிறும் கூடாது, நிறைந்த வயிறும் கூடாது. இரண்டு இட்லி அளவுக்குச் சாப்பிட்டாலே போதும். படகில் போனைக் குனிந்து பார்ப்பதுதான் முதல் எதிரி, தொடுவானத்தைப் பாருங்கள். படகு ஓடும்போது வருவதைவிட, ஸ்நார்க்கலிங்குக்காக நின்று ஆடும்போதுதான் பலருக்கு வாந்தி வரும். அப்போது உள்ளே உட்கார்ந்திருக்காமல் லைஃப் ஜாக்கெட்டோடு தண்ணீரில் இறங்கிவிட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

8. நீச்சல் சுத்தமா தெரியாது. போறது வேஸ்டா?

இல்லை. எல்லாப் படகிலும் லைஃப் ஜாக்கெட் தருவார்கள். ஆனால் ஜாக்கெட் மிதக்க வைக்கும், நீந்த வைக்காது. நீரோட்டம் இருந்தால் ஜாக்கெட்டோடு நிம்மதியாக மிதந்தபடியே படகைவிட்டு ஐம்பது மீட்டர் தள்ளிப் போய்விடலாம்.

போடும்போது கொக்கிகள் எல்லாவற்றையும் மாட்டி, வார்களை இழுத்து இறுக்குங்கள். ஜாக்கெட்டின் தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கும்படி ஒருவரிடம் சொல்லிப் பாருங்கள். ஜாக்கெட் காதுவரை ஏறினால் அது உங்களுக்குப் பெரிது. கால்களுக்கிடையே போகும் வார் இருந்தால் அதையும் மாட்டுங்கள், குழந்தைகளுக்கு அது கட்டாயம். கைடு தண்ணீரில் மிதவை வளையமும் கயிறும் போடுவார். நீச்சல் தெரியாதவர்கள் அதைப் பிடித்தபடியே முகத்தை மட்டும் நீரில் வைத்தால் மீன்கள் எல்லாம் தெரியும்.

படகின் ஏணி பெரும்பாலும் பின்னால், எஞ்சின்களுக்குப் பக்கத்தில் இருக்கும். எஞ்சின் ஓடும் சத்தம் நின்று, கைடு கையசைத்த பிறகுதான் ஏணியை நெருங்க வேண்டும். அடுத்த படகு பக்கத்தில் வந்து நிற்கும்போதும் இதே கவனம் தேவை. கூட்டமான நாட்களில் பயப்பட வேண்டியது சுறாவுக்கு அல்ல, எஞ்சின் விசிறிக்கு.

9. கண்ணாடி இல்லாம எனக்கு ஒண்ணும் தெரியாது. மீசையும் இருக்கு. மாஸ்க்குக்குள்ள தண்ணி வந்துக்கிட்டே இருக்குமாமே?

மூக்குக் கண்ணாடியை மாஸ்க்குக்குள் போட முடியாது, அதன் காது உள்ளே காற்றடைப்பைக் கெடுத்துவிடும். பவர் உள்ள மாஸ்க்கை ஊரிலேயே வாங்கி வரலாம். குறைந்த பவர் உள்ளவர்களுக்குத் தண்ணீருக்குள் எல்லாம் கொஞ்சம் பெரிதாகவும் கிட்டத்திலும் தெரியும் என்பதால் சமாளித்துவிடலாம். கான்டாக்ட் லென்ஸோடு கடலில் இறங்கினால் கிருமித் தொற்று அபாயம் உண்டு. அப்படியும் போடுவதென்றால் ஒருநாள் லென்ஸைப் போட்டு, வெளியே வந்ததும் எறிந்துவிடுங்கள்.

மீசை விஷயம் உண்மைதான். மாஸ்க்கின் கீழ் ஓரம் மேலுதட்டுக்கு மேலே படியும் இடத்தில் முடி இருந்தால் நீர் கசியும். அந்த இடத்தில் கொஞ்சம் வாசலின் தடவினால் குறையும். பெண்களுக்குக் கசிவது பெரும்பாலும் நெற்றி முடி உள்ளே சிக்குவதால். அதை ஒதுக்கிவிட்டுப் போடுங்கள். வாரை இறுக்கினால் கசிவு நிற்கும் என்று நினைப்பது தவறு, அதிகம் இறுக்கினால் ரப்பர் மடிந்து இன்னும் கசியும். சரியான மாஸ்க்கா என்று பார்க்க, வார் போடாமல் முகத்தில் வைத்து மூக்கால் மூச்சை உள்ளே இழுங்கள். கையை எடுத்தாலும் முகத்தில் ஒட்டி நிற்க வேண்டும். பனி படியாமலிருக்க உள்கண்ணாடியில் எச்சில் தடவி ஒருமுறை கடல்நீரில் அலசுங்கள். அருவருப்பாக இருந்தாலும் வேலை செய்யும்.

10. என்ன டிரஸ் போடறது? தாலிச் செயின், மோதிரமெல்லாம் போட்டுக்கிட்டு இறங்கலாமா?

பருத்திச் சுடிதாரும் ஜீன்ஸும் நனைந்தால் கனக்கும், காயாது, துப்பட்டா ஏணியில் சிக்கும். முழுக்கை நீச்சல் சட்டையும் லெக்கின்ஸும் எல்லா வயதுப் பெண்களுக்கும் வசதி. வெயிலிலிருந்தும் காக்கும், யாரும் திரும்பிப் பார்க்கவும் மாட்டார்கள். திரும்பும்போது ஈரத்தோடு காற்றில் குளிரும், மாற்று உடையும் மெல்லிய துண்டும் வேண்டும்.

நகையை ஹோட்டல் லாக்கரில் வைத்துவிட்டு வாருங்கள். நீரில் விரல் சுருங்கி மோதிரம் தானாகக் கழன்றுவிடும். தாலியைக் கழற்ற மாட்டேன் என்பவர்கள் மஞ்சள் கயிற்றுக்கு மாறி, சட்டைக்குள் போட்டு, ஜாக்கெட்டை மேலே இறுக்கிக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட்டுக்குப் போட்டோ நகல் போதும். போனுக்கு டிரை பேக் வாங்கினால், வாயை மூன்று சுற்றாவது மடித்துப் பூட்டினால்தான் தண்ணீர் புகாது; ஒரு சுற்று மடித்துவிட்டு பேக்கைக் குறை சொல்பவர்கள் நிறையப் பேர்.

11. நாங்க சுத்த சைவம். மதியம் பட்டினிதானா?

பட்டினி இல்லை, விருந்தும் இல்லை. டான்சாயில் பஃபே சாப்பாட்டில் வெள்ளைச் சோறு, ஃப்ரைட் ரைஸ், காய் வதக்கல், நூடுல்ஸ், உருளைக்கிழங்கு வறுவல், தர்பூசணி, அன்னாசி இருக்கும். சிக்கல் காய் வதக்கலில்தான். பார்க்கக் காயாக இருந்தாலும் மீன் சாறான 'நாம் ப்லா' அல்லது சிப்பி சாஸ் சேர்த்திருப்பார்கள். 'வெஜிடேரியன்' என்று சொன்னால் இறைச்சித் துண்டு இருக்காது என்றுதான் புரிந்துகொள்வார்கள். 'ஜே' என்ற சொல்லைச் சொல்லுங்கள்: இறைச்சி, மீன், முட்டை எதுவும் இல்லாத உணவுக்கு அங்கே அதுதான் பெயர். பூண்டு, வெங்காயம்கூட அதில் சேராது.

புக் செய்யும்போதே சொல்லி, காலையில் துறையில் கைடிடம் ஒருமுறை நினைவூட்டினால் தனித்தட்டு தர முயல்வார்கள். அப்படியும் தெப்லா, சப்பாத்தி, புளியோதரை என்று கையில் ஒரு பொட்டலம் இருப்பது நிம்மதி. ஹலால் உணவுக்கு இங்கே சிரமம் குறைவு. ஃபி ஃபியின் பூர்வ மக்களில் பெரும்பாலோர் முஸ்லிம்கள்.

12. மாயா பேயில் குளிக்க விட மாட்டாங்கன்னு சொல்றாங்களே, நிஜமா?

நிஜம். அங்கே எடுக்கப்பட்டு 2000இல் வெளிவந்த ஒரு ஹாலிவுட் படத்துக்குப் பிறகு கூட்டம் தாங்காமல் பவளப்பாறைகள் அழிந்தன. 2018 ஜூனில் விரிகுடாவை மூடி, 2022 ஜனவரி 1 அன்றுதான் திறந்தார்கள். இப்போது படகுகள் விரிகுடாவுக்குள் வருவதில்லை. தீவின் பின்பக்கம் லோ சமா விரிகுடாவில் மிதவைத் துறையில் இறங்கி, மரப்பாதையில் சில நிமிடம் நடந்து கடற்கரைக்கு வர வேண்டும். நீந்தத் தடை, முழங்கால் அளவுக்கு நிற்கலாம். கருநுனிச் சுறாக் குட்டிகள் கரையோரம் திரும்பி வந்துவிட்டன, அவற்றுக்காகத்தான் இந்தக் கெடுபிடி. அவை ஆளைக் கடிக்க வருவதில்லை, துரத்தாமல் நின்றால் காலுக்கு அருகிலேயே போகும்.

2022 முதல் ஆண்டுதோறும் ஆகஸ்ட் 1 முதல் செப்டம்பர் 30 வரை மாயா பே மூடப்படுகிறது. அந்த மாதங்களிலும் 'மாயா பே டூர்' என்றே விற்பார்கள். வாயிலுக்கு வெளியே கடலில் நின்று காட்டிவிட்டுப் போவார்கள். குளிக்கும் ஆசை பிலே லகூனிலும் பாம்பூ தீவிலும்தான் தீரும்.

13. தண்ணி வத்திருச்சுன்னு பிலே லகூனுக்குள்ள கூட்டிட்டே போகல. ஏமாத்திட்டாங்களா?

அநேகமாக இல்லை. பிலே லகூன் என்பது மூன்று பக்கமும் பாறைச்சுவர் சூழ்ந்த ஆழமற்ற நீர்ப்பரப்பு. கடல் நன்றாக வற்றும் நேரத்தில் ஸ்பீட்போட்டின் எஞ்சின் தரை தட்டும், பவளமும் உடையும். அந்தமான் கடலில் ஒரு நாளைக்கு இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். ஒவ்வொரு நாளும் நேரம் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றமும் மிகுதி, வற்றமும் மிகுதி. அஷ்டமியை ஒட்டிய நாட்களில் வித்தியாசம் குறைவு.

ஆக, நாட்காட்டியைப் பார்க்கும் பழக்கம் இங்கே உதவும். அஷ்டமியன்று பயணம் கூடாது என்பார்கள் வீட்டில், லகூனுக்கு அதுவே நல்ல நாள். அமாவாசைக்கு அருகில்தான் போக முடியும் என்றால், அன்றைய ஏற்றவற்ற அட்டவணையைப் பார்த்து, வற்றும் நேரத்தில் லகூன் வராதபடி வரிசையை மாற்றும் நிறுவனமா என்று கேளுங்கள். நல்ல கேப்டன்கள் அச்சடித்த வரிசையைப் பின்பற்றவே மாட்டார்கள். ஆனால் லகூனை விட்டதற்கு ஈடாக வேறெங்கும் நேரம் தராமல், சீக்கிரமே கரை திரும்பியிருந்தால் உங்கள் புகாரில் நியாயம் இருக்கிறது.

14. சன்ஸ்கிரீனுக்குக்கூட ஃபைனாமே?

தேசியப் பூங்காக் கடல்களில் சில வேதிப்பொருட்கள் உள்ள சன்ஸ்கிரீனை 2021 ஆகஸ்டில் தாய்லாந்து தடைசெய்தது. ஆக்சிபென்சோன், ஆக்டினாக்சேட், 4-மெத்தில்பென்சிலிடின் கேம்ஃபர், பியூட்டைல்பாரபென் ஆகிய நான்கும் பவளத்தைப் பாதிப்பவை. அபராதம் 1 லட்சம் பாத் வரை போகலாம். புட்டியின் பின்பக்கத்தைப் படித்து, ஜிங்க் ஆக்சைடு அல்லது டைட்டானியம் டையாக்சைடு உள்ளதாக வாங்குங்கள். அதைவிட எளிய வழி முழுக்கைச் சட்டை. ஸ்நார்க்கல் செய்பவர்களுக்கு முதலில் கருகுவது முதுகும் முழங்காலின் பின்புறமும்தான், இரண்டும் தமக்குத் தெரியாத இடங்கள்.

மீனுக்கு ரொட்டி போடுவதும் பூங்காவில் குற்றம். கைடே ரொட்டி தந்தாலும் வாங்காதீர்கள். பவளத்துண்டு, சிப்பி, மணல் எதையும் எடுத்து வரக் கூடாது. டிரோனுக்கு முன்னனுமதி வேண்டும். மின்சிகரெட் தாய்லாந்து முழுவதும் சட்டவிரோதம்.

15. படகில் டாய்லெட் இருக்குமா?

பெரும்பாலான ஸ்பீட்போட்டில் இருக்காது. துறையில் ஏறுமுன், மாயா பேயில், டான்சாயில் என்று கிடைக்கும் இடத்தில் எல்லாம் போய்விடுங்கள். இதற்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் இருந்தால் மதியம் தலைவலியும் மயக்கமும் வரும்.

16. மனைவி நாலு மாசம் கர்ப்பம், பையனுக்கு ரெண்டு வயசு, அப்பாவுக்கு அறுபத்தெட்டு. எல்லாரும் வரலாமா?

மனைவி வரக் கூடாது. 6ஆம் கேள்வியில் சொன்ன குலுக்கல்தான் காரணம், எத்தனை மாதம் என்பது பொருட்டில்லை. பொறுப்பான நிறுவனங்கள் கர்ப்பிணிகளை ஸ்பீட்போட்டில் ஏற்றுவதில்லை. மறைத்து ஏறினால் காப்பீடும் கைவிடலாம்.

இரண்டு வயதுக் குழந்தைக்கு அளவான லைஃப் ஜாக்கெட் இருக்கிறதா என்று முந்தைய நாளே கேட்க வேண்டும்; பெரியவர் ஜாக்கெட்டில் குழந்தை கீழே நழுவிவிடும். அப்பாவுக்கு முதுகு, கழுத்து அறுவை சிகிச்சை, இதய நோய், எலும்புத் தேய்மானம் எதுவும் இல்லையென்றால் பின்னிருக்கையில் வரலாம். ஸ்நார்க்கலிங்கில் மட்டும் கவனம். குழாய் வழியே மூச்சுவிடுவது இதயத்துக்கும் நுரையீரலுக்கும் கூடுதல் வேலை. மூச்சு வாங்கத் தொடங்கினால் குழாயைத் துப்பிவிட்டு மல்லாந்து மிதந்து கையை உயர்த்த வேண்டும். நால்வரும் சேர்ந்துதான் போக வேண்டும் என்றால் பெரிய ஃபெர்ரி பற்றி மருத்துவரிடம் கேட்டு முடிவெடுங்கள்.

17. ஜெல்லி மீன் பட்டா என்ன பண்றது? குரங்கு கடிச்சா?

ஜெல்லி பட்ட இடத்தில் நன்னீர் ஊற்றக் கூடாது, தேய்க்கக் கூடாது. இரண்டும் தோலில் ஒட்டியிருக்கும் கொட்டுசெல்களை மேலும் வெடிக்க வைக்கும். வினிகரைக் குறைந்தது 30 விநாடி தொடர்ந்து ஊற்றுங்கள். தாய்லாந்துக் கடற்கரைகள் பலவற்றில் இதற்காகவே வினிகர் புட்டிக் கம்பம் நட்டிருக்கிறார்கள்; படகிலும் இருக்கிறதா என்று ஏறும்போதே கேட்டு வையுங்கள். மூச்சுத்திணறல், மார்புவலி, மயக்கம் வந்தால் அது பெட்டி ஜெல்லியாக இருக்கலாம், உடனே 1669க்கு அழைக்க வேண்டும்.

மங்கி பீச் குரங்குகள் தின்பண்டப் பையின் சரசரப்புக்கே ஓடிவரும். கையில் எதுவும் இல்லாமல் இறங்குங்கள், பல்லைக் காட்டிச் சிரிக்காதீர்கள், அது அவற்றுக்குச் சவால். கடித்தாலோ பிறாண்டி ரத்தம் வந்தாலோ சோப்பும் தண்ணீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, அன்றே மருத்துவமனையில் வெறிநாய்க்கடித் தடுப்பூசியைத் தொடங்க வேண்டும். ஊருக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விடக் கூடாது.

18. வானம் சரியில்ல, ஆனா படகுக்காரங்க போகலாம்னு சொல்றாங்க. நம்பலாமா? பணம் திரும்புமா?

மழையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், காற்றையும் அலையையும் பாருங்கள். தூறலில் கடல் தட்டையாக இருக்கலாம், வெயிலடிக்கும் நாளில் இரண்டு மீட்டர் அலையும் எழும்பலாம். தாய்லாந்து வானிலைத் துறையின் முன்னறிவிப்பில் அந்தமான் கடலின் அலை உயரம் மீட்டரில் இருக்கும். 1 மீட்டருக்குள் என்றால் சுகம். ஒன்றரை மீட்டர் குலுக்கும். 2 மீட்டரும் அதற்கு மேலும் என்றால் குடும்பத்தோடு போகும் நாள் அல்ல. சிறுபடகுகள் கடலுக்குப் போக வேண்டாம் என்ற எச்சரிக்கை வந்திருந்தால் யார் என்ன சொன்னாலும் ஏறாதீர்கள். 2018 ஜூலையில் புக்கெட் அருகே புயல்காற்றில் 'ஃபீனிக்ஸ்' என்ற சுற்றுலாப் படகு கவிழ்ந்து 47 பேர் இறந்தார்கள். அது ஸ்பீட்போட்டைவிடப் பெரிய படகு.

நிறுவனமே ரத்துசெய்தால் முழுப்பணமோ வேறு நாளோ தருவது வழக்கம். படகு கிளம்பும்போது நீங்களாக வராமல் நின்றால் பெரும்பாலும் கிடைக்காது. கட்டிய பணத்தை விட்டுவிடத் தயாராக இருங்கள். நியாயமில்லாமல் மறுக்கிறார்கள் என்று தோன்றினால் சுற்றுலாக் காவல்துறை எண் 1155, ஆங்கிலத்தில் பேசலாம்.

19. டூர் முடிஞ்சு அன்னைக்கு ராத்திரியே ஃப்ளைட். பிடிச்சுடலாமா?

உடம்பைப் பொறுத்தவரை தடையில்லை. விமானத்துக்கு முன் 18 மணி நேரம் காத்திருக்கச் சொல்வது சிலிண்டர் மாட்டி ஆழத்தில் இறங்கும் ஸ்கூபாவுக்குத்தான், ஸ்நார்க்கலிங்குக்கு அல்ல.

கணக்கு நேரத்தில்தான் இடிக்கும். 5ஆம் கேள்வியில் சொன்ன 5, 6 மணி என்பது எல்லாம் சரியாக நடந்தால். பிற்பகலில் அலை எழும்பினால் கேப்டன் வேகத்தைப் பாதியாக்குவார், யாராவது ஒருவர் தீவில் தாமதிப்பார், துறையிலிருந்து விமான நிலையம் போகும் சாலையில் மாலை நெரிசல். நள்ளிரவு விமானம் என்றால் சமாளிக்கலாம். ஹோட்டல் அறையை ஏற்கெனவே காலி செய்திருந்தால் உப்பு உடம்போடு ஏறாமலிருக்க, டூர் கம்பெனியின் துறையில் குளியலறை உண்டா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். இரவு 9 மணிக்கு முன் புறப்படும் விமானம் என்றால் அந்த நாளில் டூரை வைக்காதீர்கள்.